காற்றைக் குடிக்கும் மீன்கள்

(மயிலாடுதுறையில் மாணவர்களும் மீன் வளர்ப்போரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நன்னீர் மீன்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட மீன் இனங்களில் ஏறத்தாழப் பாதி நன்னீரில் வாழ்பவை. பூமியில் உள்ள மொத்தத் தண்ணீரிலோ ஆறு, ஏரி, குளங்களில் கிடப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு குறைந்த தண்ணீரில் அவ்வளவு வகை. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். தண்ணீருக்குள் வாழ்ந்துகொண்டே மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகிற மீன்கள். விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை. இந்த ஊரில் யாரும் பார்க்காத மீன்கள் அல்ல. ஆனால் இவற்றைப் புரிந்துகொண்டால் நம் குளமும் புரியும், வீட்டில் வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டியும் புரியும் என்பது என் துணிபு.

முதலில் பனையேறி. இங்கிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தரங்கம்பாடி. அங்கே டேனிஷ்காரர்களின் கொடி பறந்த காலம் ஒன்று உண்டு. டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியில் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர் 1791-இல், ஒரு குளத்தங்கரைப் பனைமரத்தின் பட்டைப் பிளவில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் அது இருந்ததாம். செவுள்மூடியால் பற்றிக்கொண்டு, வாலை ஒரு பக்கம் வளைத்து, பின்துடுப்பின் முட்களைப் பட்டையில் ஊன்றி, மேலே மேலே ஏற முயன்றதாம். கை நீட்டிப் பிடித்திராவிட்டால் இன்னும் ஏறியிருக்கும் என்றார். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் இது அச்சானபோது ஐரோப்பாவில் பலர் நம்பவில்லை. ஆனால் நம்மூர்க்காரர்கள் அதற்கு முன்பே இந்த மீனைப் பனையேறி என்றுதான் அழைத்துவந்தார்கள். அந்தப் பெயரையும் கதையையும் ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பிய இன்னொருவர் தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி ஜான் பாதிரியார்.

ஜான் பாதிரியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கரையில் வலையில் விழுந்த மீன்களைப் பாதுகாத்து, பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டே இருந்தவர் அவர். பனையேறிக்கு 1792-இலும், விராலுக்கும் குறவைக்கும் 1793-இலும், தேளிக்கு 1794-இலும் அறிவியல் பெயர் சூட்டியவர் அந்த பிளாக்தான். அவர் கையில் இருந்த தேளி தரங்கம்பாடித் தேளி. இந்த மீன்களைப் பற்றிய அறிவியல் உங்கள் மாவட்டத்துச் சேற்றிலிருந்து எழுந்தது என்று சொன்னால் மிகையில்லை. இதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறியாமலேயே வளர்கிறார்களே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சரி, மீன் உண்மையிலேயே பனை ஏறுமா? டால்டார்ஃபுக்குப் பிறகு நூற்றாண்டுக்கு மேலாக விவாதம் நடந்தது. காற்றைச் சுவாசிக்கும் இந்திய மீன்களை விரிவாக ஆராய்ந்து 1927-இல் எழுதிய பி. கே. தாஸ், காக்கையும் பருந்தும் தரையில் ஊர்ந்துபோகும் பனையேறியைக் கொத்தித் தூக்கிக்கொண்டுபோய் மரத்தில் விட்டுவிடுகின்றன, அங்கே உயிரோடு கிடப்பதைப் பார்த்தவர்கள் அது ஏறியதாக எண்ணினார்கள் என்று விளக்கினார். எனக்கு இந்த விளக்கம் பெரும்பாலும் சரியாகப் படுகிறது. ஆனால் அது தரையில் நடக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. செவுள்மூடியின் விளிம்பில் உள்ள முட்களை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரப் புல் மீது ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குப் போகும். போகும் வழியெல்லாம் காற்றைச் சுவாசித்துக்கொண்டே போகும்.

ஏன் இந்த ஏற்பாடு? இதற்கான விடை தண்ணீரில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், தன்னால் முடிந்த மட்டும் கரைத்துவைத்துக்கொண்டாலும் ஏழரை மில்லிகிராமுக்கு மேல் தாங்காது. சூடு ஏற ஏற இன்னும் குறையும். சித்திரை, வைகாசியில் முழங்கால் அளவு தண்ணீரும் அழுகும் இலையும் சேறுமாய்க் கிடக்கும் குட்டையை நினைத்துப் பாருங்கள். பகலில் பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அவையும் மீனைப் போலவே சுவாசித்து அதைச் செலவழிக்கும். விடியற்காலையில் கணக்குப் பார்த்தால் கையிருப்பு ஒன்றுமே இருக்காது. கோடையில் குளத்து மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியலில்தான், இந்தக் காரணத்தால்தான். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரில் சண்டை வரும் முன் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட விடியலில் குளக்கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு விதமான அசைவு தெரியும். ரோகு, கட்லா போன்ற கெண்டை இனங்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அங்கேயே நிற்கும். அது திணறல். நீர்ப்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் மட்டும் காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன் கொஞ்சம் இருக்கும், அதைத் தேடி வருகின்றன. விராலோ ஒரே மூச்சு, ‘பளக்’கென்று ஒரு சத்தம், உடனே கீழே போய்விடும். அது திணறல் இல்லை, அதன் இயல்பான சுவாசம். முதல் காட்சியைக் கண்டால் குளத்துக்கு ஆபத்து. இரண்டாவதைக் கண்டால் விரால் நலமாக இருக்கிறது. வீட்டுத் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

காற்றைக் குடிப்பதற்கு இவை செய்துகொண்ட ஏற்பாடுகள் ஒரே மாதிரியானவை அல்ல. பனையேறிக்குச் செவுளுக்கு மேலே ஓர் அறை. அதற்குள் மடிப்பு மடிப்பாய், இரத்தக் குழாய்கள் நிறைந்த எலும்புத் தகடுகள். லாபிரிந்த் உறுப்பு என்று உயிரியல் மாணவர்கள் படிப்பது அதைத்தான். விராலுக்கும் குறவைக்கும் செவுளுக்கு மேல் அறை உண்டு, மடிப்புகள் அவ்வளவு சிக்கலாக இருக்காது. தேளிக்கு முதுகுத் தசைக்குள் வால் பக்கம் நோக்கி நீளும் இரண்டு காற்றுப்பைகள். அயிரை இனத்து மீன்கள் காற்றை விழுங்கிக் குடலால் உறிஞ்சிக்கொள்கின்றன. மதுரைப் பக்கம் குழம்புக்காக விலைபேசி வாங்கும் அந்தச் சின்ன மீனுக்குக் குடலே நுரையீரலாகவும் உதவுகிறது. ஒரே நெருக்கடிக்கு வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியே கண்டுகொண்ட வழிகள் இவை. எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு வேறில்லை.

இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. பனையேறியை நல்ல தெளிந்த தண்ணீரில் போட்டு, மேலே வர முடியாதபடி வலை கட்டிவிட்டால் அது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதன் செவுள் மட்டும் அதற்குப் போதாது. ஆகாயத்தாமரை மூடிய குளத்தை இந்தக் கண்ணால் பாருங்கள். தண்ணீரில் வெளிச்சம் இல்லை, ஆக்சிஜன் இல்லை, மேலே வர இடைவெளியும் இல்லை.

இனி இவற்றின் குடும்ப வாழ்க்கைக்கு வருகிறேன். மழை விழுந்து குளம் நிறையும்போது விரால் இணை கரையோரக் கோரைக்கும் கொடிக்கும் இடையில் ஓர் இடத்தைத் துப்புரவாக்கி முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். பொரிந்த குஞ்சுகள் செம்பழுப்பு நிறத்தில் ஒரே திரளாக நகரும். எல்லாம் சேர்ந்து மூச்சுக்கு மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் புள்ளி புள்ளியாய்த் துடிக்கும். திரளுக்குக் கீழே தாயும் தந்தையும் சுற்றிக்கொண்டிருக்கும். தவளை வந்தால் பாயும், பாம்பு வந்தால் பாயும். தூண்டில்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குஞ்சுத் திரளுக்கு நடுவில் தவளையைக் கோத்து எறிவார்கள். பெற்ற விரால் பசிக்காகப் பாய்வதில்லை, குஞ்சைக் காக்கப் பாய்கிறது, முள்ளில் மாட்டிக்கொள்கிறது. அன்று மாலைக்குள் கெண்டையும் குறவையும் நீர்ப்பாம்பும் அந்தத் திரளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு விராலைப் பிடித்தோம் என்று நினைக்கிறோம். நூற்றுக்கணக்கான விராலை அழித்திருக்கிறோம்.

இன்னொரு குட்டி மீனை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசை. வயல் வாய்க்காலிலும் தாமரைக் குட்டையிலும் விரல் நீளத்துக்கு மேல் வளராத ஒரு லாபிரிந்த் மீன். வால் நடுவில் ஊசி போல் கூராக நீண்டிருக்கும். பிரெஞ்சு அறிஞர் குவியே 1831-இல் இதற்குக் ‘குபானஸ்’ என்று பெயர் வைத்தார். புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த மீன் என்பதால் வந்த பெயர் அது. ஆண் மீன் வாயால் காற்றை எடுத்து, எச்சில் பூசிய குமிழிகளாக்கி, மிதக்கும் இலையின் அடியில் ஒட்டவைத்துக் கூடு கட்டும். பெண் மீனை உடலால் வளைத்துத் தழுவும். விழும் முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கிக் கொண்டுபோய்க் குமிழியில் வைக்கும். பிறகு இரவு பகல் பாராமல் காவல். குஞ்சு பிறந்தவுடன் அதற்கு லாபிரிந்த் உறுப்பு இருப்பதில்லை, சில வாரம் கழித்துத்தான் உருவாகும். அதுவரை நீர்ப்பரப்பை ஒட்டியே ஒதுங்கி வாழும்.

காற்றைக் குடிக்காத ஒரு மீனையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கழிமுகங்களிலும் அதை ஒட்டிய குளங்களிலும் இருக்கும் செல்லாக்காசு. வண்ணமீன் கடையில் ஆரஞ்சு குரோமைடு என்று விற்பார்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. இதன் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் சளியைக் கொத்தித் தின்று வளர்கின்றன. தாய்ப்பால் மாதிரியே. செல்லாக்காசு, தன் பெரிய உறவான கரிமீனின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளையும் பூஞ்சையையும் கொத்தித் துப்புரவு செய்கிறது. இலங்கையின் கழிமுகங்களில் வார்டு, வைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-களில் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்து எழுதினார்கள். குழம்பில் போடும் மீனுக்குள் இத்தனை ஒழுங்கு இருக்கிறது.

ஏரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உண்டு என்பது அரசுக் கணக்கு. இவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் நிறைந்திருப்பவை அல்ல. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, கோடையில் சுருங்கி, சில ஆண்டுகளில் முற்றிலும் வற்றும். அப்படி வற்றும் ஏரியில் தொடர்ந்து மீன் இருக்க வேண்டுமென்றால், மூன்று வழிதான். சேற்றுக்குள் புதைந்து ஈரத்தில் காத்திருக்கலாம். விராலும் பனையேறியும் தேளியும் இதைச் செய்யும். ஆழமான மடுவில் ஒதுங்கலாம். அல்லது ஐப்பசிப் புதுவெள்ளத்தில் கலிங்கு வழியாக, ஓடை வழியாக, வயல் வழியாக எதிரேறி வரலாம். நம் முன்னோர் வெட்டிய ஏரிகள் ஒன்றின் கலிங்குத் தண்ணீர் அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாக அமைந்தவை. பாசனத்துக்காக அமைத்தார்கள், மீனுக்கும் அது பாதையாயிற்று.

தெற்குச் சீமையில் கோடையில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தா, கச்சா என்னும் மீன்பிடிக் கைக்கருவிகளை எடுத்துக்கொண்டு, கொடி அசைந்ததும் எல்லோரும் ஏரிக்குள் இறங்குவார்கள். நான் அதற்கு எதிரானவன் அல்லன். கையால் பிடிக்கும் கூடைக்குச் சேற்றின் அடியில் கிடப்பதெல்லாம் அகப்படாது. மிஞ்சியதிலிருந்து அடுத்த ஆண்டு ஏரி நிறையும். ஆனால் மோட்டார் வைத்துக் கடைசிச் சொட்டு வரை இறைத்து, பொக்லைன் விட்டு அடிச்சேற்றை ஒரே சீராக வழித்து, கரைக்குக் கான்கிரீட் பூசினால் எங்கே புதையும்? எங்கே முட்டையிடும்? தூர்வார வேண்டும்தான். ஏரியின் ஒரு மூலையில் ஒரு மடுவையும் ஒரு கோரைப் பத்தையையும் விட்டுவைத்துத் தூர்வாருங்கள் என்கிறேன். அந்த மடுவை நம்பி மீன் மட்டுமா இருக்கிறது? நீர்க்காகம், கொக்கு, கூழைக்கடா எல்லாம் கோடையின் கடைசி வாரங்களில் அங்கேதான் வந்து நிற்கும். ஏரியில் தவளையையும் சிறுமீனையும் பெருகவிடாமல் அளவில் வைப்பது விரால். விரால் போன ஏரியில் சிறுமீன் கூட்டம் ஏறுமாறாகும், அதன் விளைவு பாசி வரை போகும்.

இப்போது கண்ணாடித் தொட்டி. 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், செடியும் மீனும் நத்தையும் சேர்ந்த தொட்டியில் தண்ணீர் மாற்றாமலே உயிர்கள் நிலைத்திருக்க முடியும் என்று காட்டினார். அந்த ஆர்வம் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆனால் வெப்பநாட்டு மீன்களைக் கொண்டுபோக முடியவில்லை. மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் பாத்திரத்துத் தண்ணீர் கெட்டு மீன் சாகும். 1869-இல் சீனாவிலிருந்து பாரிசுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தது பாரடைஸ் மீன். பியர் கார்போனியே அதை அங்கே இனப்பெருக்கம் செய்யவைத்தார். ஏன் அது பிழைத்தது? அது ஒரு லாபிரிந்த் மீன். அரியாங்குப்பத்துக் குட்டி மீனின் நெருங்கிய உறவு. தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டது. இன்று சென்னைக் கொளத்தூரில் கடை கடையாய் அடுக்கியிருக்கும் ஃபைட்டரும் கௌராமியும் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளே.

அந்தத் தாங்கும் சக்தியே இன்று அவற்றுக்குத் துன்பமாகிவிட்டது. ஃபைட்டருக்குக் காற்று போதும், சின்ன டம்ளரில் வைத்தால் போதும் என்று கடையில் சொல்லி விற்கிறார்கள். இது தவறு. மீன் மூச்சைக் காற்றிலிருந்து வாங்கலாம். கழிவை வெளியேற்றுவது தண்ணீரில்தான். செவுளிலிருந்து அம்மோனியா ஓயாமல் கசிகிறது. பெரிய தொட்டியில் வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், வேறொரு பாக்டீரியா அதை நச்சு மிகக் குறைந்த நைட்ரேட்டாக்கும். டம்ளரில் அந்தப் பாக்டீரியாவுக்கு இடமேது? காற்றைக் குடித்துக்கொண்டே அந்த மீன் தன் கழிவில் வெந்துகொண்டிருக்கிறது.

புதிதாக மீன் வளர்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன் வாங்கிப் போடுகிறார்கள். நாலைந்து நாளில் சாகிறது. பாக்டீரியா குடியேற ஒரு மாதம் ஆகும். அதுவரை ஒன்றிரண்டு மீனோடு, தீனியைக் குறைத்து, பொறுத்திருங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், முழுவதையும் மாற்றாதீர்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயில் கழுவினால் குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். லாபிரிந்த் மீன் என்றால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள், மூடி கட்டாயம் போடுங்கள், இவை துள்ளும். மிஸ் கேரளா என்று விற்கும் மீனுக்கு இந்தக் காற்றிடைவெளிக் கணக்கு பொருந்தாது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் வேக நீரோடைக்குரியது. காற்றைக் குடிக்கத் தெரியாது. அழியும் நிலையில் உள்ள இனம். அதை ஆசைக்கு வாங்காதீர்கள்.

கடைசியாக, நான் இங்கே வந்ததற்கே காரணமான செய்தி. காற்றைக் குடிக்கும் மீன் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் பிழைக்கும். தன் ஊரில் அது அருங்குணம். அயலூரில் விட்டால் அதுவே கேடு. ஆசியாவிலிருந்து போன நடக்கும் கெளுத்தி 1960-களில் அமெரிக்காவின் புளோரிடாவில் பண்ணைகளிலிருந்து தப்பிப் பரவியது. மேரிலாந்து மாநிலத்தில் ஒருவர் குளத்தில் விட்ட சீன விரால் பெருகி, 2002-இல் அந்தக் குளத்துக்கே நஞ்சிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அந்நாட்டு அரசு விரால் குடும்பம் முழுவதையும் தீங்கு செய்யும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. நமக்கும் நடந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை இந்திய அரசு 2000-இல் தடை செய்த பிறகும் அது நம் குளங்களில் இருக்கிறது. தொட்டிக்காரர்கள் டேங்க் கிளீனர் என்று வாங்கும் தென்னமெரிக்க மீன் ஒன்றரை அடி வரை வளரும், வயிற்றால் காற்றைச் சுவாசிக்கும், கரையைக் குடைந்து பொந்துக்குள் முட்டையிடும், எலும்புச் செதிலால் வலையைக் கிழிக்கும். அது நம் ஏரிகளுக்கு நீந்தி வரவில்லை. தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று இரக்கப்பட்டு யாரோ வாளியில் கொண்டுவந்து விட்டார்கள். கொசு ஒழிக்க 1928-இல் கொண்டுவந்த கம்பூசியாவும் அப்படித்தான். தவளைக் குஞ்சையும் நம் சிறுமீன்களின் முட்டையையும் சேர்த்துத் தின்கிறது. கொசுப்புழுவைத் தின்ன, தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம் வாய்க்கால் மீனே போதுமாயிருந்தது.

ஆகவே மாணவர்களே, மீன் வளர்ப்பவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். தொட்டி மீன் வேண்டாமென்று ஆகிவிட்டால் கடைக்காரரிடமோ இன்னொரு வளர்ப்பவரிடமோ கொடுங்கள். ஆற்றிலோ வாய்க்காலிலோ, புண்ணியம் என்று கோயில் குளத்திலோ விடாதீர்கள். வரப்போகும் மழையில் உங்கள் ஊர்க் குளத்தில் செம்பழுப்புக் குஞ்சுத் திரள் மேலே வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தால், அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள். போடுகிறவரிடமும் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.